எப்பவும் நாலாவதுதானா? ஒற்றை மேசைப் போக்கருக்கு ஒரு பழுது பார்க்கும் வழிமுறை

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் சீட்டுமேசை நிரம்பிவிடும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். குலசேகரம் பக்கம் மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றிருக்கும். சின்னமுட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கிழக்குக் கடல் கணக்கு. ஏப்ரல் 15-க்கே கரையேறி ஜூன் பாதியில் கடலுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் திண்ணையில்தான். முன்பு 28, 56 என்ற சீட்டாட்டங்கள். இப்போது கப்பல் வேலைக்கும் கல்ஃபுக்கும் போய் வந்தவர்கள் கொண்டுவந்த டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து.

ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வரும் புகார்கள் ஏழெட்டு வகைதான், ஆள்தான் மாறும். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

இதில் வரும் கணக்கெல்லாம் இந்த மேசைக்கு: 9 பேர், ஆளுக்கு 1500 சிப்ஸ், மொத்தம் 13,500. பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டு பார்க்குமுன் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகை) 10/20-இல் தொடங்கி 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறும். காசு கிடையாது. ஆளுக்கு 10 புள்ளி போட்டு 90 புள்ளி சேரும். முதல் மூவருக்கு 45, 27, 18. மாதக் கடைசியில் புள்ளி குறைந்தவர் எல்லாருக்கும் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: கட்டஞ்சாயா வருவதற்குள் வெளியே

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை கை ஆடினீர்கள் என்பது. கையால் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு 25, 30 கைதான் வரும். அப்படியென்றால் முதல் அரைமணி நேரத்தில் ஏறக்குறைய 15 கை. அதில் நீங்களாக விரும்பிச் சிப்ஸ் போட்டது இரண்டு, மூன்று என்றால் சரி. ஆறு, ஏழு என்றால் பழுது அங்கேயே இருக்கிறது, மேலே படிக்க வேண்டாம்.

28 ஆடி வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2; இரண்டும் சேர்ந்து வந்தால் கை குளிர்ந்துவிடும். போக்கரில் ஜாக்-ஒன்பது பெரும்பாலும் குப்பை. இன்னொன்று, 28-இல் கையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருக்க வழியே இல்லை, கடைசிச் சீட்டு வரை ஆடித்தான் ஆக வேண்டும். ரம்மிக்காரர்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. கை சரியில்லை என்றால் 20 புள்ளியோடு ட்ராப் பண்ணிவிட்டுப் போவது அவர்களுக்குப் பழக்கம்.

கை எண்ணிக்கை சரியாக இருந்தும் முதலில் வெளியேறுகிறீர்களா? கடைசியாக எந்தக் கையில் போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு 1500-ஐயும் உள்ளே தள்ளியிருந்தால்: 10/20-இல் 1500 என்பது 75 பெரிய பிளைண்ட். ஏஸ்-பத்து வைத்திருக்கிறீர்கள், ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஏஸ் வருகிறது, நீங்கள் போடுகிறீர்கள், அவர் வருகிறார். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) மறுபடி போடுகிறீர்கள், அவர் ஏற்றுகிறார். அதுவரை வாய் திறக்காமல் வந்தவர் அங்கே ஏற்றினால் அவரிடம் இரண்டு ஜோடியோ செட்டோ (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். போட்டது போகட்டும் என்று விட்டால் இன்னும் 50 பிளைண்டுக்கு மேல் கையில் இருக்கும்.

சின்ன ஜோடியில் போயிருந்தால்: நாலு-நாலு வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் மூன்றாவது நாலு விழுவது எட்டரை முறைக்கு ஒரு தடவை. அதனால் கால் பண்ணும் (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடும்) தொகை, உங்கள் கையிலும் எதிராளி கையிலும் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 1500-க்கு 60 கேட்டால் போகலாம், 200 கேட்டால் விட்டுவிடுங்கள்.

ஏஸ்-ஏஸ் வைத்து, சின்ன ஜோடிக்காரரோடு ஆல்-இன் (கையிலுள்ள மொத்தச் சிப்ஸும்) போய்த் தோற்றிருந்தால் பழுது எதுவும் இல்லை. ஐந்தில் ஒரு முறை அது நடக்கத்தான் செய்யும்.

அறிகுறி: பெரிய கை ஒன்றும் தோற்கவில்லை, ஆனால் சிப்ஸ் கரைந்துவிட்டது

இது நல்ல பிள்ளைகளுக்கு வரும் நோய். முதல் அரைமணி நேரம் ஒழுங்காக ஆடுவார்கள். அதே ஒழுங்கை ஒன்றரை மணி நேரம் கழித்தும் விடமாட்டார்கள்.

சோதனை ஒன்றே ஒன்று. பிளைண்ட் ஏறும்போதெல்லாம் உங்கள் சிப்ஸைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். 1500 இருக்கிறது, பிளைண்ட் 75/150 என்றால் 10. சிப்ஸ் எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் 75-இல் தொடங்கியது பத்துக்கு வந்துவிட்டது.

- 20-க்கு மேல்: வழக்கம்போல ஆடலாம்.
- 10-க்கும் 20-க்கும் நடுவில்: சும்மா கால் பண்ணிப் பார்க்கும் வேலையை நிறுத்துங்கள். உள்ளே போவதானால் ஏற்றிக்கொண்டு போங்கள்.
- 10-க்குக் கீழே: ஆல்-இன், இல்லாவிட்டால் ஃபோல்ட் (கையை விடுவது). இடையில் ஒன்றுமில்லை.
- 5-க்குக் கீழே: தாமதமாகிவிட்டது. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

பத்துக்குக் கீழே வந்தபிறகு எந்தக் கையில் தள்ளுவது? உங்களுக்கு முன்னால் எல்லாரும் விட்டுவிட்டார்கள், நீங்கள் பட்டனில் (சீட்டு போடுபவரின் இடத்தில்) இருக்கிறீர்கள் என்றால் எந்த ஜோடியும் போதும், எந்த ஏஸும் போதும், பத்தும் அதற்கு மேலுமான எந்த இரண்டு சீட்டும் போதும். முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அங்கே நல்ல ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் இருந்தால் மட்டும். ஆள் குறையக் குறைய அவசரம் கூடும். 100/200-இல் ஒரு சுற்றுக்கு 300 போகிறது. ஒன்பது பேர் இருந்தால் அது ஒன்பது கைக்கு, நாலு பேர் இருந்தால் நாலே கைக்கு.

அறிகுறி: நான் ஆல்-இன் போனால் மட்டும் யாராவது கால் பண்ணிவிடுகிறார்கள்

முதல் காரணம் எப்போதும் அளவுதான். மூன்று பிளைண்டை வைத்துக்கொண்டு தள்ளினால், பெரிய பிளைண்டில் இருப்பவர் ஏற்கெனவே ஒன்று போட்டிருக்கிறார், இன்னும் இரண்டு போட்டால் போதும். அவர் சீட்டைப் பார்க்காமலேயே வரலாம், வருவார். எதிராளி பயந்து விட்டுவிடுவார் என்பதுதான் உங்கள் ஆயுதம். அது ஆறு, ஏழு பிளைண்டுக்குக் கீழே மழுங்கிவிடும்.

அளவு சரி என்றால், யார் முன்னால் தள்ளினீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் ஏற்றியிருந்தால் அது வேறு கணக்கு, வலுவான கை வேண்டும். எவருமே ஏற்றாமல் இருந்தும் மாட்டினீர்கள் என்றால், பிளைண்டில் இருந்தவர் யார்? ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் இருப்பார்: "என்னதான் வச்சிருக்கியோ பாப்போம்லே" என்று எதற்கும் வருகிற அண்ணன். அவர் பிளைண்டில் இருக்கும்போது கிங்-ஏழை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டாதீர்கள். அவரோடு மோத உங்களுக்கு நல்ல கை வரும்வரை பொறுத்திருங்கள்.

மூன்றாவது காரணம் முகம். நல்ல கை வந்தால் சட்டென்று தள்ளுவதும், சுமாரான கைக்கு இரண்டு நிமிடம் யோசித்துச் சிப்ஸை அடுக்கி அடுக்கி வைப்பதும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எல்லாக் கைக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எப்பவும் நாலாவது

இதுதான் பெரிய நோய். பாதிக்குப் பாதி புகார் இங்கிருந்துதான் வருகிறது.

"மக்களே, இன்னைக்கும் நாலாவது. ஏஸ்-ஜாக் வச்சிருந்தேன், பின்ன எப்படி விட?"

"முதல்ல மத்த மூணு பேர்ட்ட எவ்வளவு இருந்துன்னு சொல்லு."

"அதெல்லாம் யாரு பாத்தா?"

பழுது அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு என்ற கட்டத்தில் உங்கள் இரண்டு சீட்டைவிட முக்கியமானது மற்ற மூவரின் ஸ்டாக், அதாவது அவர்கள் கையில் மிச்சமுள்ள சிப்ஸ்.

முதல் சோதனை: நீங்கள் தள்ளிப் போனீர்களா, கால் பண்ணிப் போனீர்களா? தள்ளினால் இரண்டு வழியில் ஜெயிக்கலாம். எதிராளி விட்டாலும் ஜெயம், வந்து தோற்றாலும் ஜெயம். கால் பண்ணினால் ஒரே வழிதான். நாலாவதாகப் போனவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் கால் பண்ணித்தான் போயிருப்பார்கள்.

இரண்டாவது சோதனை: நாலு பேரிடமும் ஏறக்குறைய சமமாக இருந்ததா? அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 22.5 புள்ளி மதிப்பு. ஒருவர் ஆல்-இன் தள்ள, நீங்கள் கால் பண்ணி ஜெயித்து ஸ்டாக்கை இரட்டிப்பாக்கினால் மதிப்பும் இரட்டிப்பாகி 45 ஆகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆகாது, 34.5-தான் ஆகும். மீதி, சும்மா உட்கார்ந்திருந்த மற்ற இருவருக்கும் போய்விடும். 34.5-ஐப் பெற 22.5-ஐ வைக்கிறீர்கள் என்றால் நூற்றுக்கு 65 முறையாவது ஜெயித்தாக வேண்டும். பிளைண்டில் உங்கள் சிப்ஸ் ஏற்கெனவே கிடந்தால் கொஞ்சம் குறையும். எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஜாதி மாறிய (இரண்டும் வேறு வேறு இனச் சீட்டான) ஏஸ்-கிங்குக்கு 65-தான் கிடைக்கும்.

மூன்றாவது சோதனை: யாராவது ஒருவர் சாகக் கிடந்தாரா? இங்கேதான் அந்த ஏஸ்-ஜாக் கை வருகிறது. பிளைண்ட் 100/200. நம் ஆள் பெரிய பிளைண்டில் 3400. சின்ன பிளைண்டில் இருந்தவர் 3300, அவர் தள்ளினார். மற்றவர்களில் ஒருவரிடம் 5900, இன்னொருவரிடம் வெறும் 900. கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

- விட்டுவிட்டால் கையில் 3200, அதன் மதிப்பு 24 புள்ளி சொச்சம்.
- கால் பண்ணி ஜெயித்தால் 6700, மதிப்பு 35.
- கால் பண்ணித் தோற்றால் கையில் 100 சிப்ஸ், மதிப்பு 2 புள்ளி சொச்சம்.

நூற்றுக்கு 67 முறை ஜெயித்தால்தான் கால் பண்ணியது சரி. ஜாதி மாறிய ஏஸ்-ஜாக், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எந்த இரண்டு சீட்டோடு மோதினாலும் 64 முறைதான் ஜெயிக்கும். தள்ளியவர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளவுமில்லை. 900 வைத்திருந்தவருக்கு நாலரை பிளைண்ட். அவர் மூன்று சுற்றுக்கு மேல் தாங்கமாட்டார். அவர் வெளியேறக் காத்திருக்க வேண்டிய இடத்தில் அவரைக் காப்பாற்றிவிட்டு, மிஞ்சிய அந்த 100 சிப்ஸையும் விட்டு நம் ஆள் வெளியே போனார்.

ஆக, விதி: குட்டி ஸ்டாக் ஒன்று மேசையில் இருக்கும்போது நடு ஸ்டாக்காரர் கால் பண்ணக் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டும். பெரிய ஜோடிகளைத் தவிர வேறு எதற்கும் வர வேண்டாம். உங்களிடமே அந்த 5900 இருந்தால் நேர் எதிர். நடுவில் இருக்கும் இருவரின் பிளைண்டையும் கை பாராமல் தாக்குங்கள், அவர்களால் திருப்பி அடிக்க முடியாது. 900 வைத்திருப்பவரை மட்டும் சீண்டாதீர்கள். இழக்க அவரிடம் ஒன்றுமில்லை, எதற்கும் வருவார்.

குட்டி ஸ்டாக் நீங்களேதான் என்றால், காத்திருப்பது மருந்தில்லை. ஆறு பிளைண்டுக்குக் கீழே இறங்குமுன் தள்ளுங்கள், முடிந்தால் பெரிய ஸ்டாக்காரர் விட்டுவிட்ட பிறகு.

குட்டி ஸ்டாக்காரர் ஆல்-இன், நீங்களும் இன்னொருவரும் கால் பண்ணியிருக்கிறீர்கள் என்றால் இருவரும் பந்தயம் வைக்காமல் கடைசிச் சீட்டு வரை போவது உங்கள் இருவருக்கும் நல்லது. பெயருக்கு ஒரு பொய் பந்தயம் வைத்து மற்றவரை விரட்டினால் செத்தவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் "நாம ரெண்டு பேரும் செக் பண்ணிருவோம்" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது கூட்டுச் சதி. அண்ணன் தம்பி ஒரே மேசையில் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சண்டை வீடு வரை போகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நாலாவதே என்றால், விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். "ஏஸ்-ஜாக் தோத்துட்டு" என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள். பிளைண்ட் எவ்வளவு, நாலு பேரின் ஸ்டாக், யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஐசிஎம் கால்குலேட்டர் (எந்த ஸ்டாக்குக்கு எவ்வளவு பரிசு மதிப்பு என்று கணக்கிடுவது) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்டாக்கையும் பரிசையும் போட்டால் மேலே சொன்ன எண்கள் தானாக வரும். காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கிறவர்கள் இதையெல்லாம் செய்துவிட்டுப் போனால் போதும்.

அறிகுறி: மூன்றாவது வரை வருகிறேன், அதற்குமேல் ஏறவில்லை

நாலாவது ஆள் வெளியேறிய அந்தக் கையில் உங்களிடம் எத்தனை பிளைண்ட் இருந்தது? ஆறுக்குக் கீழே என்றால் பழுது இங்கே இல்லை, முன்னமே கரைந்துவிட்டீர்கள். இரண்டாவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

பன்னிரண்டுக்கு மேல் இருந்தும் மூன்றாவது என்றால், கஞ்சத்தனத்தைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். 18 புள்ளி பையில் விழுந்தாயிற்று. மூன்றிலிருந்து இரண்டுக்கு 9 புள்ளி, இரண்டிலிருந்து ஒன்றுக்கு 18. பெரிய தொகை மேலேதான் இருக்கிறது. சற்று முன்வரை விட்ட ஏஸ்-ஜாக்கை இப்போது தாராளமாக ஆடலாம்.

அறிகுறி: இரண்டு பேர் ஆனதும் தோல்வி

முதலில், ஆட்டத்தைச் சரியாக ஆடுகிறீர்களா என்று பாருங்கள். எங்கள் ஊரில் பாதி மேசையில் இது தப்பு. இரண்டே பேர் என்றால் பட்டனில் இருப்பவர்தான் சின்ன பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேச வேண்டும், ஃப்ளாப்புக்குப் பின் கடைசியில்.

அது சரி என்றால், சின்ன பிளைண்டில் எத்தனை முறை விட்டீர்கள் என்று எண்ணுங்கள். 300/600-இல் மொத்த மேசையிலும் 22 பிளைண்ட்தான் இருக்கிறது, ஆளுக்குப் பதினொன்று. அந்த அளவில் சின்ன பிளைண்டிலிருந்து பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளலாம். குயின்-எட்டெல்லாம் இங்கே நல்ல கை. இரண்டு ராஜாவுக்காகக் காத்திருப்பவர் அது வருமுன் தீர்ந்துபோவார்.

அறிகுறி: ராத்திரி பன்னிரண்டு ஆகியும் ஆட்டம் முடியவில்லை

இது ஆளின் பழுதல்ல, மேசையின் பழுது. மொத்தச் சிப்ஸைப் பெரிய பிளைண்டால் வகுத்தால் இருபதுக்குப் பக்கத்தில் வரும்போது ஆட்டம் தானாக முடிவுக்கு வரும். 13,500-க்கு அது 600, 800 என்ற கட்டம். 10/20, 15/30, 25/50, 50/100, 75/150, 100/200, 200/400, 300/600, 400/800 என்று வைத்தால் ஒன்பது கட்டம், இரண்டேகால் மணி நேரம். "எல்லாருக்கும் 5000 சிப்ஸ் கொடுப்போம், ஜாலியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் விடியும்வரை உட்கார வேண்டியதுதான். மொபைலில் டைமர் வையுங்கள். கையில் கடிகாரம் கட்டியவரை நம்பினால் அவர் தோற்கும்போது மட்டும் பிளைண்ட் மெதுவாக ஏறும்.

அறிகுறி: எனக்கு ராசியே இல்லை

ஒன்பது பேரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றால், மூன்று ஆட்டத்தில் இரண்டில் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பீர்கள். தொடர்ந்து ஆறு ஆட்டம் ஒன்றுமே கிடைக்காமல் போவது நூற்றுக்கு ஒன்பது முறை சாதாரணமாக நடக்கும். ஒரு நோட்டில், ஆல்-இன் ஆன ஒவ்வொரு முறையும் சீட்டு திறந்தபோது முன்னால் இருந்தது யார் என்று மட்டும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் என்றால் ராசிதான், பொறுங்கள். பெரும்பாலும் எதிராளி என்றால் மேலே உள்ள தலைப்புகளில் ஒன்று உங்களுக்கானது.

அறிகுறி: போனதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம், அதுவும் காசுக்கு

இதற்கு இந்த வழிமுறையில் மருந்து இல்லை. எளிதான சோதனை: எவ்வளவு போனது என்று வீட்டில் உண்மையைச் சொல்ல முடிகிறதா?

சட்டப் பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. போக்கர், ரம்மி எல்லாம் அதற்குள் வருகின்றன. வீட்டில் மேசை போட்டு, அதற்குக் கட்டணம் பிடித்து, காசு வைத்து ஆடவிட்டால் 1930-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போய்விட்டால் கேட்க வேண்டியது வக்கீலை, என்னை அல்ல.

தூக்கம் கெட்டு, கடன் வாங்கி, ஒளித்து ஆடும் நிலை என்றால் மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதானால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள்.